இரண்டு விநாடிப் பொய்

மட்டாஞ்சேரியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டிரில் டீச்சர். ஒன்பது வருஷமாக ஸ்டாப்வாட்ச் பிடித்த கை இது. ஓட்டப் பந்தயத்தில் ஸ்கூல் மானேஜரின் மகளுக்குக்கூடக் கால் விநாடி விட்டுக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள், எழுபத்தொன்பது டிசம்பரில் தொடங்கி எட்டு வாரம், கட்டின புருஷனிடம் பொய் நேரம் சொன்னேன்.

அவர் பெயர் சங்கரலிங்கம். நீலகண்டன் சேட்டனின் ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பிப்ரவரியில் மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் பந்தயம். ஒர்க்‌ஷாப்பின் யெஸ்டி பைக்கை எடுத்துக்கொண்டு அதில் ஓடவேண்டும் என்று அவருக்குப் பேய் பிடித்திருந்தது. சேட்டன் ஒரே நிபந்தனை வைத்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹார்பர் ஐலண்டில் கோடவுன்களைச் சுற்றி வரும் ரோட்டில் ஒரு சுற்றை எழுபது விநாடிக்குள் முடித்தால் வண்டியும் தருகிறேன், செலவும் என்னுடையது என்றார். நேரம் பார்க்க யார் என்று கேட்டதற்கு, "டீச்சர் பறஞ்சா மதி" என்று சொல்லிவிட்டார். டீச்சர் சொன்னால் போதும், வேறு சாட்சி வேண்டாம் என்று அர்த்தம். ஒன்பது வருஷ நேர்மைக்கு எனக்குக் கிடைத்த பரிசு அது.

ஞாயிறு காலை பாலம் தாண்டி ஐலண்டுக்குப் போவோம். அந்த ரோடுகளில் ஈ காக்கை இருக்காது. நான் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பேன். வண்டி கோடவுனுக்குப் பின்னால் திரும்பியதும் சத்தம் அடங்கிவிடும். பிறகு வரும், பிறகு இன்னொரு சுவருக்குப் பின்னால் அடங்கும். சத்தம் இல்லாத அந்த இடைவெளிகளில் நின்ற இடத்தில் நிற்க முடியாது, செருப்பைக் கழற்றுவேன், மாட்டுவேன்.

ஆரம்பித்த அன்றே விழுந்தார். நாலாவது வளைவில் கடைசி நொடிவரை பிரேக்கைத் தொடாமல் உள்ளே நுழைந்து, அங்கே பயந்து ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடி, பிரேக்கையும் மிதித்தார். பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் முழுக்க அவர் முழங்காலிலிருந்து ஜல்லி பொறுக்கினேன். அவரோ அடுத்த ஞாயிற்றுக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வல்லார்பாடத்து மாதாவுக்குக் கோயில் முற்றம் பெருக்குவதாக நேர்ந்துகொண்டேன். மாதாவை மட்டும் நம்பியிருக்காமல் நானும் ஒரு வேலை செய்தேன்.

அடுத்த ஞாயிறு முதல், முரட்டுத்தனமாக ஓட்டினால் கடிகாரம் காட்டுவதற்கு மேல் இரண்டு விநாடி கூட்டிச் சொன்னேன். நிதானமாக ஓட்டினால் இரண்டு குறைத்தேன். உயிரைக் கொடுத்து எழுபத்துமூன்றில் வந்தவரிடம் எழுபத்தைந்து என்றேன். அலுத்துப்போய் அடுத்த சுற்றை மெதுவாக ஓட்டி எழுபத்தைந்தில் வந்தார். எழுபத்துமூன்று என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மனுஷன் அப்படியே நம்பிவிட்டார். அன்று முதல் அதற்கு ஒரு சாஸ்திரமே எழுதத் தொடங்கினார். நான் அடுப்படியில் இருக்கும்போது தேங்காய் துருவும் பலகையில் வண்டியில் உட்காருவது போல் கால் போட்டு உட்கார்ந்து, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

"வளைவுக்குள்ள போய் பிரேக்கத் தேடக் கூடாது பாக்கியம். வண்டி நேரா நிக்கும்போதே பிடிச்சு முடிச்சிரணும். சாயச் சாயக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். உள்ள போனப்புறம் ஆக்சிலேட்டர் கை ஆடக் கூடாது. வெளிய போற வழி கண்ணுல பட்டதுக்கப்புறந்தான் முறுக்கணும்."

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும், அவ்வளவுதானே என்று கேட்டேன். அதேதான் என்று பலகையிலிருந்து குதித்தார். எனக்குள் சிரிப்பு முட்டியது. என் பொய்யை வைத்து இந்த ஆள் வித்தை கட்டுகிறாரே என்று பாவமாகவும் இருந்தது. ஆனால் முழங்கால் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வாரம் ஓடியது. அவர் நிதானமாகவே ஓட்டினார், நானும் இரண்டு குறைத்துக்கொண்டே வந்தேன். எழுபத்திரண்டு என்றேன், அடுத்து எழுபத்தொன்று. எட்டாவது வாரம் கடிகாரத்தில் நிஜமாகவே எழுபத்துமூன்று. முரட்டுத்தனமாக உயிரைக் கொடுத்து ஓட்டியபோது வந்த அதே நேரம், இப்போது சட்டை கசங்காமல் வந்திருக்கிறது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு சேட்டனே வந்தார். பெயர் கொடுக்க அதுதான் கடைசி வாரம். சனிக்கிழமையே நான் முடிவு செய்துவிட்டேன். கடிகாரம் எதைக் காட்டினாலும் எழுபதுக்கு மேல்தான் சொல்வது. சோழவரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆள் வீட்டில் இருந்தால் போதும். ஆனால் பாலத்தில் வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே அவர் தலையைத் திருப்பி ஒன்று சொன்னார்.

"இன்னைக்கும் எழுபது தாண்டுச்சுன்னா இந்த நிதானத்தையெல்லாம் மூட்டை கட்டிருவேன். அடுத்த சுத்துல கடைசி வரைக்கும் பிரேக் தொடாம உள்ள விட்டுர வேண்டியதுதான்."

வண்டி கிளம்பியது. சேட்டன் என் பக்கத்தில் பீடி பற்றவைத்தார். முதல் சுவர், சத்தம் அடங்கியது. வந்தது. இரண்டாவது சுவர். அந்தச் சத்தத்தில் ஏதோ வித்தியாசம் இருந்தது. முன்பெல்லாம் உறுமும், திணறும், மறுபடி உறுமும். இன்று ஒரே சீராகத் தாழ்ந்து, ஒரே சீராக ஏறியது. நாலாவது வளைவுக்கு முன் வண்டி நிமிர்ந்த நிலையிலேயே வேகம் குறைந்தது. சாய்ந்தது. அவர் முகம் சக்கரத்தைப் பார்க்கவில்லை, மரத்தடியில் என்னைப் பார்த்தது. பிறகு வண்டி நிமிர்ந்துகொண்டே பாய்ந்து வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அறுபத்தொன்பது.

கூட்டாமல், குறைக்காமல் அறுபத்தொன்பது. அவரைத் தடுக்க நான் சொன்ன பொய் அவருக்கு ஓட்டவே கற்றுக்கொடுத்துவிட்டது.

அவர் வண்டியைத் திருப்பி வருவதற்குள் நான் முடிவு செய்யவேண்டும். எழுபத்தொன்று என்றால் சோழவரம் இல்லை. ஆனால் அடுத்த நிமிஷமே பழைய முரட்டுத்தனத்தோடு நாலாவது வளைவுக்குள் போவார், என் கண் முன்னாலேயே. அறுபத்தொன்பது என்றால் இதே நிதானத்தோடு சோழவரம் போவார். அவர் உடம்பைக் காப்பாற்ற எட்டு வாரம் பொய் சொன்னவள், அதே உடம்பைக் காப்பாற்ற இப்போது உண்மையைச் சொல்லவேண்டும்.

"எத்தன, டீச்சரே?" என்று சேட்டன் கேட்டார்.

"அறுபத்தொன்பது" என்றேன்.

சேட்டன் பீடியை எறிந்துவிட்டு, திரும்பி வந்து நின்ற என் வீட்டுக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நாளைக்கே பெயர் கொடுத்துவிடலாம் என்றார். இவர் முகத்தில் மட்டும் ஒரு குழப்பம். போன வாரம் நான் சொன்ன எழுபத்தொன்றிலிருந்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ரெண்டுதான் குறஞ்சிருக்கா பாக்கியம்? எனக்கு நாலு குறஞ்ச மாதிரில்லா இருந்துச்சு."

நாலேதான். போன வாரம் கடிகாரம் காட்டியது எழுபத்துமூன்று. சேலைத் தலைப்பால் அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தேன். சோழவரத்துக்கு நீயும் வா, நேரம் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

அங்கே நேரம் பார்க்க வேறு ஆட்கள் இருப்பார்கள்.