நாற்பத்திரண்டு தங்கைகளின் அண்ணாச்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, திருடியது. திருடிய இடம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடி, ரவிக்கைத் துணிப் பிரிவு. என் மனைவி நீரஜா அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவிலிருக்கும் ஒரு நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படியொரு நிறமே உலகத்தில் கிடையாது என்பது என் கட்சி. கவுன்டருக்குப் பின்னால் நின்ற பெண் முகம் சுளிக்காமல் முப்பத்தொரு துணிகளைப் பிரித்துப் போட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல், எழுத்தாளன் என்ற தைரியத்தில், சம்பளமெல்லாம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று அவளைக் கேட்டுவைத்தேன். அவள் தூரத்தில் நின்ற மேற்பார்வையாளரை ஒருதரம் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்காவ சார். குடும்பம் மாதிரி" என்றாள்.

அந்தக் 'குடும்பம் மாதிரி'யை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். துணி கிடைக்கவில்லை.

2

முதல் ஆரம்பம்: "குறைந்தபட்ச ஊதியம் என்பது ஒரு நாகரிக சமுதாயத்தின்–" [வேண்டாம். நானே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.]

இரண்டாவது: "பனகல் பூங்கா மரங்களுக்குப் பின்னால் சூரியன்–" [சூரியனுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?]

மூன்றாவது: "இசக்கியம்மாளுக்குக் கால் வலித்தது." [இது இருக்கட்டும். பொய்யில்லை.]

இசக்கியம்மாளுக்குக் கால் வலித்தது. காலை ஒன்பதரைக்கு நின்றவள் ராத்திரி கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். வயது முப்பத்துமூன்று. ஊர் சங்கரன்கோவில் பக்கம். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். தனபாலன் என்பவரின் ஜவுளிக்கடையில் வேலை. அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். கடைப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரும் பின்சந்தில் அவர் எடுத்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். சாப்பாடு அவர் மெஸ்ஸில். எல்லாரும் அவரைக் கூப்பிடுவது அண்ணாச்சி என்று.

இசக்கிக்கு ஒரே மகள், ஷண்முகப்ரியா, ஒன்பது வயது. ஊரில் ஒரு சித்தி வீட்டில் வளர்கிறாள். அம்மாவைப் பார்ப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. போன பொங்கலுக்குப் போனபோது பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று, "யாரு வந்திருக்காவ?" என்று சித்தியைக் கேட்டது. இசக்கி சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். பஸ் ஏறின பிறகுதான் அழுதாள். சைதாப்பேட்டையில் ஓர் ஒற்றை அறை பிடித்து, ஜூன் மாதம் பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். இந்தச் சம்பளத்தில் அது நடக்காது. சம்பளம் ஏறினால் நடக்கும். அவ்வளவுதான் அவள் கேட்பது, இந்தக் கதையும் அவ்வளவுதான்.

3

ஏற்றுவது என் கையில் இருக்கிறது. கதாசிரியனுக்கு உள்ள ஒரே வசதி, இரண்டு வரியில் சட்டம் போட்டுவிடலாம். எதிர்க்கட்சி வெளிநடப்புக்கூடச் செய்யாது. போட்டேன்:

"மாநிலத்தில் கடை, நிறுவனம், வீட்டு வேலை ஆகியவற்றில் பணிபுரிவோர் அனைவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உயர்த்தப்படுகிறது."*

* இந்தச் சட்டத்தைக் கோட்டையில் தேடாதீர்கள். அபிராமபுரத்தில் என் சாப்பாட்டு மேஜையில் இயற்றியது. தொகையைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் படிப்பதற்குள் விலைவாசி அதைத் தின்றுவிடும்.

எழுதி முடித்த நேரத்தில் ஆரோக்கியமேரி காபி கொண்டுவந்து வைத்தாள். சாந்தோம் குப்பத்திலிருந்து பதினோரு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவள்தான். காபி நன்றாக இருந்தது. குடித்துக்கொண்டே சட்டத்தை மறுபடி படித்தேன். 'வீட்டு வேலை' என்ற இடத்தில் கண் நின்றது. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். காபி கொஞ்சம் கசந்தது.

பேனாவை எடுத்து 'வீட்டு வேலை' மேல் ஒரு கோடு இழுத்தேன்.

[கலைக் காரணங்களுக்காகத்தான். கதை ஜவுளிக்கடையைப் பற்றியது. இரண்டையும் கலந்தால் ஒருமை கெட்டுவிடும். தவிர, மேரி எங்களுக்கு வேலைக்காரி மாதிரியா? நம்மாத்துப் பொண்ணு மாதிரி.]

சட்டம் என்றால் ஒரு விதிவிலக்கு இருந்தால்தானே பார்க்க நன்றாயிருக்கும்? கீழே சேர்த்தேன்: "உரிமையாளரின் குடும்பத்தார், அதாவது மனைவி, மக்கள், உடன்பிறந்தார், இதில் அடங்கார்." அழகுக்காக எழுதினது. அதிலிருந்துதான் வந்தது வினை.

4

சட்டம் வந்த அன்று தனபாலன் சாப்பிடவில்லை. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெஸ்ஸில் வாரம் ஒருநாள் கறிக்குழம்பு போடுகிறவர், பெண்களுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ பிடித்துத் தருகிறவர். நாற்பத்திரண்டு பேருக்குச் சம்பளத்தை ஏற்று என்றால்தான் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. மயிலாப்பூருக்குப் போய்த் தன் ஆடிட்டர் கஸ்தூரிரங்கன் முன்னால் உட்கார்ந்து, வழி சொல்லுங்கள் என்றார்.

கஸ்தூரிரங்கன் என் சட்டத்தை இரண்டு தடவை படித்தார். நான்கூட அத்தனை கவனமாகப் படித்ததில்லை.

"உங்க கடையில பொண்ணுகள்லாம் உங்களை என்னன்னு கூப்பிடறா?"

"அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதாவ."

"அப்பறம் என்ன?" என்றார் ஆடிட்டர். "உடன்பிறந்தார்."

மறுநாள் நாற்பத்திரண்டு படிவங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும், இன்னார் என் உடன்பிறந்த தங்கை, குடும்பத் தொழிலில் கைகொடுக்கிறார் என்று தனபாலன் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, ஆமாம் என்று அந்தத் தங்கையும் போட வேண்டும். செத்துப்போன அவருடைய அப்பாவுக்கு ஒரே மத்தியானத்தில் நாற்பத்திரண்டு பெண்கள் பிறந்தார்கள். தனபாலனின் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

[இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். இப்படி ஒரு மோசடிக்கு இசக்கி கையெழுத்துப் போடுவாளா? முதல் பிரதியில் அவளை எழுந்து நின்று ஒரு பக்கத்துக்கு வீரவசனம் பேசவைத்தேன். வாசித்துக் காட்டியபோது நீரஜா, "ஏன்னா, மூணாம் மாடியில அவர் போட்ட பாயில படுத்துண்டு, அவர்கிட்டயே இப்படிப் பேசுவாளா? பேசிட்டு அன்னிக்கு ராத்திரி எங்க போய்ப் படுப்பா?" என்று கேட்டாள். வசனத்தைக் கிழித்துப் போட்டேன்.]

இசக்கி கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நகல் ஒண்ணு தருவியளா, அண்ணாச்சி?"

5

ஷண்முகப்ரியாவுக்கு ஒன்பது வயதாகியும் காது குத்தவில்லை. குத்தினால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். இசக்கியோடு பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. யாராவது தூரத்து உறவைப் பிடித்தால், அது காலத்துக்கும் குத்திக்காட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வதாகச் சித்தி போனில் சொல்லியிருந்தாள்.

நகலை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டு இசக்கி மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் முகூர்த்தம் என்பதால் கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இசக்கி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், நடுவில் அந்த நகல் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போனாள். பில் போடும் மேஜைமேல் தாம்பாளத்தை வைத்தாள்.

"அண்ணாச்சி, ஆவணியில உங்க மருமகளுக்குக் காதுகுத்து. மதினியையும் கூட்டிக்கிட்டு சீரோட வந்து பிள்ளைய மடியில உக்காத்தணும்."

தனபாலன் தாம்பாளத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் தென்மாவட்டத்துக்காரர்கள். தங்கச்சி தட்டு வைத்து அழைக்கும்போது வரமாட்டேன் என்று அவர்கள் முன்னால் சொன்னால், பிறகு ஊர்ப்பக்கம் கோவில் கொடைக்குக்கூடத் தலைகாட்ட முடியாது. பட்டுச்சேலைக்குப் பணம் கட்ட நின்ற ஓர் அம்மாள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவளா? அதான பாத்தேன். ஒரே முகஜாடை" என்றாள்.

தனபாலன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். வேறென்ன செய்வார் மனுஷன்?

திங்கட்கிழமை கல்லாவில் பதினேழு தாம்பாளங்கள் இருந்தன. செவ்வாயன்று பில் போட இடமில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், தலைப்பிரசவம். நாற்பத்திரண்டு தங்கைகளுக்கும் சேர்த்து அறுபத்துமூன்று மருமக்கள் என்று தெரியவந்தது. தனபாலன் மறுபடி மயிலாப்பூருக்கு ஓடினார். கஸ்தூரிரங்கன் வெகுநேரம் கூட்டிப் பார்த்துவிட்டு, கூலியாவது மாசத்தோடு போகும், சீர் தலைமுறைக்கும் வரும் என்றார். அந்த ஆலோசனைக்கும் ஃபீஸ் வாங்கினார்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) தனபாலன் இசக்கியை வேலையைவிட்டு நிறுத்துகிறார். [நடக்கக்கூடியது. ஆனால் நகைச்சுவைக் கதை என்று சொல்லி உங்களை இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு அப்படிச் செய்தால் அடிக்க வருவீர்கள்.]

(ஆ) ஆவணியில் சீரோடு போகிறார். பிள்ளையை மடியில் உட்காரவைத்ததும் மனம் இளகிக் கண்ணீர்– [நிறுத்திவிட்டேன். நீரஜா ஒரு மாதிரிப் பார்த்தாள்.]

(இ) இதுதான் எழுத எழுதத் தானாக வந்தது. தனபாலன் இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். உனக்கு மட்டும் குறைவைக்காமல் சீர் செய்துவிடுகிறேன், பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், மேளம் எல்லாம் உண்டு, மற்றவர்கள் தட்டை மட்டும் நீயே பேசித் திருப்பிவிடு என்றார். இசக்கி குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"நீங்க ஒருநாள் மாமனா வந்துட்டுப் போயிருவிய அண்ணாச்சி. மத்த நாளெல்லாம் நான் அம்மையா இருக்கணும்லா. கம்மல் வேண்டாம். அந்தப் படிவத்தைக் கிழிச்சிட்டு சட்டப்படி சம்பளத்தைக் குடுங்க. ஜூன் மாசம் என் பிள்ளைய நான் கூட்டிட்டு வரணும்."

தனபாலன் வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் மேரி வந்தாள்.

7

ஒன்று உங்களிடம் மறைத்துவிட்டேன். எழுதியதைச் சத்தம்போட்டு நீரஜாவுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது. தவிர, தினமும் என் மேஜையைத் துடைப்பவள் மேரி. அவளுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேரி ஒரு பத்திரிகையை மேஜைமேல் வைத்தாள். அவள் மகள் ஸ்டெல்லாவின் மஞ்சள் நீராட்டு விழா. பிரித்துப் பார்த்தேன். கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: 'தாய்மாமன்: திரு. ஸ்ரீனிவாசராகவன், அபிராமபுரம்.'

அது என் பெயர்.

"இன்னா மேரி இது?" என்றேன். பதற்றத்தில் எனக்கும் அவள் பாஷை வந்துவிட்டது.

"நீதானே சார் எழுதிகீற, நம்மாத்துப் பொண்ணுன்னு. அண்ணன் பேரு இல்லாம பத்திரிக அடிச்சா நல்லாவா கீது?" அவள் சிரிக்கவில்லை. "பயப்படாத. இன்னும் அச்சடிக்கல. பிரஸ்ஸுல மாதிரிக்கு ஒண்ணு குடுத்தான். நாளிக்குள்ள சொன்னா பேர எடுத்துடலாம்."

எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல் என் காகிதக் கட்டைப் புரட்டி மூன்றாம் பகுதியில் போய் நின்றது. கோடு இழுத்த இடம்.

"எடுத்தா இத்த திரும்ப எழுதணும் சார். ரெண்டுல ஒண்ணு. நான் இன்னா, உங்க வீட்டுப் பொண்ணா, வேலை செய்யறவளா? நீயே சொல்லு. பதினோரு வருசமா எனக்கும் தெரியல."

சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். நீரஜா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? தனபாலனைப் பற்றி எத்தனை கேலி எழுதியிருக்கிறேன். அவருக்காவது யோசனை சொல்ல ஓர் ஆடிட்டர் தேவைப்பட்டார். நான் தனியாகவே செய்திருக்கிறேன்.

8

இப்போது நிலைமை இதுதான். தி.நகரில் தனபாலன் திறந்த வாயோடு நிற்கிறார். எதிரே இசக்கி நிற்கிறாள், கால்வலியோடு. ஊரில் ஒரு பிள்ளை காது குத்தாமல், வரப்போவது யார் என்று தெரியாமல் இருக்கிறது. அவர் 'சரி' என்று சொல்ல நான் எழுதிவிடலாம், ஒரு சொல்தான். ஆனால் அதை எழுதினால் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு சொல்லை எழுதாமல் என்னால் வெளியே வர முடியாது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. சட்டத்தை எப்படி நிறைவேற்றுவார்களோ அப்படியே அவையின் முன் வைக்கிறேன். இந்தக் கதையில் அவை என்றால் நீங்கள்தான். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர் இந்நேரம் பக்கத்தில்தான் இருப்பார், அவர் காதிலும் விழட்டும். திருத்தம்: 'கடை, நிறுவனம்' என்பதற்குப் பின் 'வீட்டு வேலை' என்னும் சொற்களை மீண்டும் சேர்ப்பது.

ஏற்போர் 'ஆம்' என்க. மறுப்போர் 'இல்லை' என்க.

கொஞ்சம் சத்தமாக.