பிணை நின்றவள்

தனுசியா மண்வெட்டிப் பிடியால் ஓங்கி அடித்ததில் கஜானியின் புருவம் பிளந்தது. போன பங்குனித் திங்களில் கோயிலில் ஒன்றாகப் பொங்கல் வைத்தவர்கள் இவர்கள்.

எல்லாம் குழுக் கடனால் வந்த வினை. மூன்று பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி தவணை தவறினால் மற்ற இருவரும் கட்ட வேண்டும். ஏழைகளை முன்னேற்றப் போகிறோம் என்றுதான் கடன் கம்பனிக்காரர் உடுப்பிட்டி ஊருக்குள் வந்தார்கள். அடியாட்களை அவர்கள் கூட்டி வரவில்லை. அடிப்பதற்கு அயலட்டைச் சனமே இருந்தது.

கஜானி இரண்டு மாதமாகக் கட்டவில்லை. அவளுக்காகக் கட்டியதில் தனுசியாவின் தோடு போயிற்று. இன்று காலை வசூலுக்கு வந்த ஜெரோசன், "உங்கடை பசுவை வித்துக் கட்டுங்கோ அக்கா. இல்லாட்டி அவவின்ரை வாட்டர் பம்பைத் தூக்குங்கோ" என்றான். பசு என்றதும் தனுசியாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது. மூன்றாமவளான பராசக்தியையும் இழுத்துக்கொண்டு கஜானியின் தோட்டத்துக்குள் பாய்ந்தாள்.

"தொடாதையுங்கோ அக்கா! வெங்காயம் காஞ்சு போம்!"

கஜானி பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதற்குத்தான் அந்த அடி. பராசக்தி அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வரம்பில் தள்ளினாள். ஜெரோசன் வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யாரையும் ஏசவில்லை, ஒரு விரலாலும் தொடவில்லை. மிக நல்ல பிள்ளை.

பம்பைத் தூக்கக் குனிந்தபோதுதான் தனுசியா பாத்திகளைப் பார்த்தாள். வெங்காயத் தாள் பச்சைப் பசேலென்று நின்றது. இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் இறைத்தால் கிண்டி எடுக்கலாம். பம்ப் போனால் அவ்வளவும் கருகும். கருகினால் கஜானியால் எந்தக் காலத்திலும் கட்ட முடியாது. முழுக் கடனும் பிணை நின்ற தலையில்தான் விழும். கடனை அடைக்கிற தோட்டத்தைக் கொல்லவா இவ்வளவு ஆவேசமாக வந்தோம்? தனுசியாவுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

"என்னக்கா, ஏத்துவமோ?" என்று ஜெரோசன் கேட்டான்.

அவள் மண்வெட்டியோடு படலைக்கு நடந்தாள். முதல் அடியில் மோட்டார் சைக்கிளின் லைற் நொறுங்கியது. அடுத்த அடி, தடுக்க வந்தவனின் முழங்கையில் விழுந்தது. அவன் அலறினான்.

"உங்களுக்கு விசரோ? பொலிசுக்குப் போவன்!"

"போ! வெங்காயம் கிண்டினாப்பிறகு வா, காசு தாறம். அதுக்கு முன்னம் இந்தப் படலையைத் திறந்தியெண்டால் மண்டையைப் பிளப்பன்!"

அவன் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை வழியே ஓடினான். பராசக்தியும் பயந்துபோய் வீட்டுக்கு நழுவிவிட்டாள்.

தனுசியா திரும்பி வந்தபோது கஜானி இரத்தம் ஒழுக ஒழுக பம்பின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். மிசின் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. தனுசியா தோளில் கிடந்த துவாயால் அவளுடைய காயத்தைக் கட்டப் போனாள்.

கஜானி எட்டி மண்வெட்டியைப் பறித்தாள். வெட்டப் போகிறாள் என்று தனுசியா கண்ணை மூடிக்கொண்டாள். வெட்டு விழவில்லை. கஜானி குனிந்து மண்ணை வெட்டி, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினாள்.

"காசு கட்டுவன் அக்கா. ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் கட்டுவன்" என்றாள், நிமிராமல். "நீங்கள் இனி இந்தத் தோட்டத்து வளவுக்குள்ளை வரப்படாது."