லார்க் ஹில் என்று எழுதிய சுவர்

பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சொந்தச் சுவர் இரண்டுதான்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பக்கச் சுவர்கள் இரண்டும் அக்கம்பக்கத்தாருக்கும் பொது. வீடுகள் இடைவெளியில்லாமல் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இந்த வீட்டு உத்திரமும் அடுத்த வீட்டு உத்திரமும் ஒரே சுவரில் ஆளுக்கொரு பக்கம் தலை வைத்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

லார்க் ஹில் பேட்டையில் கிளாடீன் பர்னெலின் காலை அந்தச் சுவரில்தான் விடியும். இடது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாய்கின் எழுந்ததும் கைத்தடியால் இரண்டு தட்டு தட்டுவார். கிளாடீன் காபிக் கரண்டியால் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவாள். உயிரோடு இருக்கிறேன், நானும் இருக்கிறேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

வலது பக்கம் தட்ட ஆள் இல்லை. அந்த வீடு ஆளில்லாமல் கிடந்து கூரை உள்ளே விழுந்துவிட்டது. அதற்கப்பால் ஏற்கெனவே இடித்த வீடுகளின் இடத்தில் வெறும் புல். கூரை விழுந்த வீட்டின் கதவில் சிவப்புப் பலகை, அதில் வெள்ளையில் ஒரு பெருக்கல் குறி. உள்ளே தீப்பிடித்தாலும் தீயணைப்பு ஆட்கள் நுழைய வேண்டாம் என்று சொல்லும் பலகை அது. மழை அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நேராகப் பெய்து, பொதுச்சுவரில் ஊறி, கிளாடீனின் படுக்கையறையில் கறுப்புப் பூஞ்சையாக வெளியே வந்தது. பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் வண்டிப் புகையைச் சுவாசித்த அவள் கணவன் வார்டெல், படுத்தால் மூச்சு விட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான்.

கிளாடீன்தான் அந்தத் தெருவுக்கு கேப்டன். குப்பை வண்டி வராவிட்டால் போன் போடுவதும் தெருவிளக்கு எரியாவிட்டால் சண்டை போடுவதும் அவள் வேலை. தேவாலயத்தின் நிலவறையில் நகராட்சிக்காரர்கள் கூட்டம் போட்டபோது எழுந்து நின்று, அந்த வீட்டை இடித்தே ஆகவேண்டும் என்றாள். வார்டெலுக்கு அதில் மனமில்லை.

"இடிச்சா நம்ம வீடு அம்மணமா நிக்கும், பேபி."

"அம்மணமா நின்னாலும் காஞ்சு நிக்கும்ல. முதல்ல நீ மூச்சு விடு, அப்புறம் பேசு."

பக்கத்து வாசல் படியில் உட்கார்ந்திருந்த பாய்கின் இதில் வாய் வைக்காமல் இருப்பாரா? "கேப்டன், இடிக்கிறப்ப எலியெல்லாம் எந்தப் பக்கம் ஓடும்னு கேட்டுக்கிட்டீங்களா? எங்கிட்ட அனுப்பிடாதீங்க. இருக்கிற எலிக்கே என்னால சோறு போட முடியல."

"உன் சமையலைத் தின்னுட்டு எந்த எலிதான்யா உசிரோட இருக்கப் போவுது?"

இலையுதிர் காலத்தில் இயந்திரம் வந்து வீட்டை அள்ளிக்கொண்டு போனது. பொதுச்சுவர் முதல்முறையாக வெயிலைப் பார்த்தது. இடித்த வீட்டின் பூப்போட்ட சுவர்க்காகிதமும், மாடிப்படி ஏறிய சாய்வுக்கோடும், அடுப்பு இருந்த கரிப்பொந்தும் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. மேஸ்திரி அதன்மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, "குளிர்காலம் போய் சுவரு நல்லாக் காயட்டும்மா. வசந்தத்துல வந்து சுண்ணாம்புப் பூச்சு போடுறோம். அதுவரைக்கும் இதைக் கழட்டாதீங்க" என்றார்.

தெருக்கோடியில் இருக்கும் பெரிய சாலையான அவென்யூவில் போகும் பேருந்திலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். காற்றில் தார்ப்பாய் படபடக்கும். அவென்யூவுக்குக் கிழக்கே புதிதாக அடுக்குமாடி கட்டுகிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு புதுப்பெயர் வைத்து, அதை அவென்யூவைத் தாண்டி கிளாடீனின் தெரு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். விளம்பர வரைபடத்தில் லார்க் ஹில் என்ற பேட்டையே இல்லை. கிளாடீன் அதைப் பார்த்த அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"பேரைச் சுவத்துலயே எழுதிட்டாப் போச்சு, சகோதரி" என்றார் தேவாலயச் சபையின் டீக்கன் ஸ்பிரிக்ஸ். "எதுக்கு வசந்தம் வரைக்கும் காத்துக்கிட்டு? நம்ம பசங்க கார் நிறுத்துற தளமெல்லாம் போட்டவங்க. உங்களுக்கு ஒரு சுவரு போட மாட்டாங்களா?"

அந்தச் சனிக்கிழமை சபை ஆண்கள் வந்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்து, சிமென்ட்டைக் கெட்டியாகக் குழைத்து, இரண்டு கை பூசினார்கள். அடுத்த வாரம் நீலப் பெயின்ட். அதன்மேல் ஆள் உயரத்துக்கு வெள்ளை எழுத்தில் லார்க் ஹில். கிளாடீன் எல்லாருக்கும் மீன் பொரித்து வெள்ளை ரொட்டியில் வைத்துக் கொடுத்தாள். வார்டெல் நாற்காலியைத் தெருவுக்கே கொண்டுவந்து உட்கார்ந்து, "ஹில்லுல ஒரு எல்லு கோணலா இருக்கு, இறங்கி வந்து பாருடா" என்று ஏணியில் நின்றவனை வம்புக்கு இழுத்தான். பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சுவரின் கல்லைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பழைய காலச் சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் அடுக்கிய செங்கல் வெந்து சிவந்து இரும்பாகும். அது வீட்டு முகப்புக்குப் போகும். ஓரத்தில் அடுக்கியது அரைவேக்காடாக, வெளிர் ரோஜா நிறத்தில் நின்றுவிடும். அதையும் வீணாக்காமல் பொதுச்சுவருக்குக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் கல்லுக்கு மழை ஏது, பனி ஏது? அரைவேக்காட்டுக் கல் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடிக்கும். சுண்ணாம்பு பூசினால் குடித்ததை மெல்ல வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். சிமென்ட் வழிவிடாது. பெயின்ட் அதற்குமேல் ஒரு பூட்டு. பாழடைந்த வீட்டில் வருஷக்கணக்காக ஊறிய ஈரம் அத்தனையும் சுவருக்குள்ளேயே அடைபட்டுப்போனது.

ஜனவரியில் உறைபனி இறங்கியது. கல்லுக்குள் இருந்த தண்ணீர் உறைந்து ஊதியது, பகலில் இளகியது, இரவில் மறுபடி ஊதியது. பிப்ரவரியில், எழுதிய பெயரில் ஹில் என்ற சொல்லின் நடுவில் சுவர் நிறைமாத வயிறு போல் உப்பியது. படுக்கையறைத் தரை அந்தப் பக்கமாகச் சாய்ந்து, வார்டெலின் மாத்திரைப் புட்டி உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

கட்டட ஆய்வாளராக வந்தவள் பொறுமையான பெண். சுத்தியின் பின்முனையால் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா பூசினது?"

"எங்க சபை ஆளுங்க. சும்மா செஞ்சு குடுத்தாங்க."

"நல்லாத்தான் பூசியிருக்காங்க. அதான்மா கெடுத்துடுச்சு. கொஞ்சம் மோசமாப் பூசியிருந்தாக்கூட விரிசல் வழியா ஈரம் வெளிய போயிருக்கும்." ஒரு சில்லைப் பெயர்த்து, உள்ளேயிருந்த கல்லை விரலால் நெருடினாள். அது ரோஜா நிற மாவாக உதிர்ந்தது. "உத்திரம் உக்காந்திருக்கிற கல்லே இப்படி ஆயிடுச்சு. இதுக்குக் கீழ நான் யாரையும் படுக்க விட முடியாது."

"மறுபடி கட்ட முடியாதா?"

"கட்டணும்னா மொத்தச் சுவரையும் எடுக்கணும். எடுத்தா வீடு நிக்காதும்மா."

வண்டியிலிருந்து அவள் சிவப்புப் பலகையை எடுத்து வந்தாள். கிளாடீன் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக வைத்திருந்த பளிங்குப் படியில் ஏற, காலணியை முதலில் துடைத்துக்கொண்டாள். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுப் பாய்கின் வெளியே வந்தார்.

"இதையும் இடிப்பாங்களா?"

"இடிச்சுத்தான் ஆகணும், சார்."

பாய்கின் தன் வீட்டையும் கிளாடீன் வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்ததும் அதே சூளைக் கல்தான்; இந்த வீடு போனால் அடுத்து மழையும் பனியும் பார்ப்பது அந்தச் சுவர். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கேப்டன்" என்றார், "எனக்கு என்ன கலரு அடிப்பீங்க?"

கிளாடீனுக்குச் சிரிக்கவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. "பாய்கின், நான் வேணும்னு பண்ணலய்யா."

"தெரியும்." அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மீனு நல்லா இருந்துச்சு அன்னைக்கு."

மகள் நகரத்துக்கு வெளியே கவுன்ட்டியிலிருந்து கார் கொண்டுவந்தாள். அவள் வீட்டு நிலவறையில் இவர்களுக்கு ஓர் அறை. ஜன்னல் இல்லாத அறை. வார்டெல் ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமலே இருந்தான். கடைசிப் பையை எடுக்க கிளாடீன் மட்டும் உள்ளே போனாள்.

இடது பக்கச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

கரண்டி மூட்டைக்குள் போய்விட்டிருந்தது. கையை மடக்கிச் சுவர்வரை கொண்டுபோனாள். நானும் இருக்கிறேன் என்று எப்படித் தட்டுவது? கை அப்படியே நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தட்டு, இந்த முறை பலமாக, அவளுக்குக் கேட்கவில்லையோ என்பது போல.

கிளாடீன் விரல்களை விரித்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சுவர் உலர்ந்து கதகதப்பாக இருந்தது. அந்தப் பக்கம் பாய்கின் அடுப்பு மூட்டியிருந்தார்.