எண்ணூற்று நாற்பதில் ஒன்று

பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒருவர் நள்ளிரவில் விலங்கு மருத்துவமனையின் கதவைத் தட்டினார் என்ற புகாரைக் காலையில் படித்ததும், விலங்கு மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் அந்த அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்று போகவேண்டிய செய்தி, இரவு பன்னிரண்டு என்று போயிருக்கிறது. பாவம் மனிதர், தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார். சிரித்து முடித்ததும் எல்லோரும் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

அவனுக்கு அங்கே பட்டப்பெயர் அவசரம். அந்த மருத்துவமனைகள் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை மூடியே கிடந்தவை. போன வாரம்தான் அந்த ஒரு மணி நேரத்துக்கும் முன்பதிவைத் திறந்தார்கள். மென்பொருளில் அதைச் சேர்த்தது அவன். இதற்கு மேல் விசாரணை எதற்கு?

“சத்தியமா நான் மணியைத் தொடவே இல்ல!” என்றான். யார் காதில் விழுந்தது!

மூலை மேசையில் உதவிக் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிரசவ விடுப்பில் எட்டு மாதம் போய்விட்டு, வந்து இரண்டு வாரம் ஆகிறது. கைக்குழந்தைக்காரி, கொஞ்ச நாள் லேசான வேலை பார்க்கட்டும் என்று மேனேஜர் அன்பாகத்தான் அங்கே உட்காரவைத்தார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் அவள் மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுந்து நேராக மேனேஜரிடம் போனாள். “இத நான் பாக்குறேன் சார்.”

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா அந்த நேரத்தையே மூடிடலாம்.”

“கிடைக்கும். கிடைச்சா என் பழைய புரோகிராம் வேலைய எனக்குக் கொடுத்துடணும்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, சரி என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

மற்றவர்கள் போன வார மாற்றங்களையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். மதிய முன்பதிவே இல்லாத, மென்பொருளின் பழைய வடிவங்களில் என்னத்தைத் தேடுவது என்பது அவர்கள் கணக்கு. அவள் கணக்கு வேறு: முன்பதிவு வெளியேதான் இல்லை, மணியை மதியம், இரவு என்று எழுத்தாக மாற்றும் நிரல்துண்டு உள்ளே எப்போதும் இருக்கிறதே, அதையே கூப்பிட்டுக் கேட்டால் போயிற்று! தான் விடுப்பில் போவதற்கு ஒரு வாரம் முந்தைய வடிவத்தை எடுத்துப் பன்னிரண்டு என்று கொடுத்தாள். ‘மதியம்’ என்றது. இன்றைய வடிவம் ‘இரவு’ என்றது. நடுவில் எண்ணூற்று நாற்பது மாற்றங்கள், ஒவ்வொன்றிலும் யார் செய்தது, எப்போது, எதற்கு என்ற குறிப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடிந்துவிடும். பாதியில் வெட்டி எந்தப் பாதியில் தப்பு என்று கேட்டுக்கொண்டே போனால் பத்துக் கேள்வி போதும்.

நானூற்று இருபதாவது: இரவு. அப்படியானால் தப்பு அதற்கும் முன்னால். அவசரம் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருநூற்றுப் பத்தாவது: இரவு. தேதியைப் பார்த்ததும் அவன் துள்ளி எழுந்தான்.

“அக்கா! அப்ப நான் வேலைக்கே சேரலக்கா!” அலுவலகம் முழுக்கக் கேட்டது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவர ஓடினான்.

நூற்றைந்து, ஐம்பத்திரண்டு, இருபத்தாறு. எல்லாம் இரவு. விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. எட்டு மாதத்தில் ஒன்றும் மறந்துபோகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு வாய்விட்டுப் பாடலாம் போலிருந்தது. பதின்மூன்று: மதியம். பத்தொன்பது: மதியம். இருபத்திரண்டு: மதியம். இருபத்துநான்கு: இரவு. பத்தாவது கேள்வி, இருபத்துமூன்று: இரவு. பிடித்தாயிற்று.

திரையில் இருந்தது அவள் பெயர். காலை பத்து பதினான்கு. குறிப்பு: ‘சின்னத் திருத்தம். மீதி வந்து.’

அது மகள் பிறந்த தேதி. வாசலில் டாக்ஸி, கையில் பையோடு வீட்டுக்காரர், இடுப்பில் வலி. “ஒரு நிமிஷம், இத மட்டும் அனுப்பிட்டு வர்றேன்.” பன்னிரண்டிலிருந்து என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு சமக்குறியை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு மேல் என்று எழுதி அனுப்பிவிட்டு வண்டி ஏறியிருக்கிறாள்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். சொன்னால் மூலை மேசை நிரந்தரமாகிவிடும். தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தவனின் பல்லெல்லாம் தெரிந்த முகத்தைப் பார்த்தாள்.

“கண்டுபிடிச்சாச்சு,” என்றாள் சத்தமாக. “இவன் இல்ல. குற்றவாளி நான்தான்.”

மேனேஜர் வந்து குனிந்து படித்தார். தேதியில் கண் நின்றது. “இது... அன்னைக்குத்தானே?”

“ஆமா சார். டாக்ஸி வாசல்ல ஹார்ன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.”

“பிரசவ வலியோட யாராவது புரோகிராம் எழுதுவாங்களாம்மா?”

“அதான் ஒரு குறி விட்டுப்போச்சு!”

முதலில் சிரித்தது மேனேஜர்தான். பிறகு யாரும் நிறுத்துவதாக இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். “ஒரு நிமிஷமா? நான் பன்னெண்டு நிமிஷம் நின்னேன்,” என்றார் அவர். பின்னால் மகள் எதையோ கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

விட்டுப்போன குறியைச் சேர்த்தாள். குறிப்பு எழுதும் இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மீதி. வந்தாச்சு’ என்று தட்டினாள்.

நிமிர்ந்தபோது ஜன்னலோரத்தில் மேனேஜரும் அவசரமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் வயர் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.