உம்மா இடத்தில் மாமி

ரசீத் கத்தாரிலிருந்து விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொந்த ஊர் பேட்டைக்கு வந்திருந்தான் என்றுதான் பேர்; மண்டை முழுக்க அங்கேயேதான் இருந்தது. மகள் நஃபீஸத்தை அடுத்து எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்கிற ஒரே யோசனை. அவன் கேட்காத ஆள் இல்லை. ஜும்மா தொழுகை முடிந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில்கூட ஏதாவது ஒரு துபாய்க்காரரை மடக்கி, “நீங்க பிள்ளைய எங்கன சேத்திருக்கீங்க?” என்று ஆரம்பித்துவிடுவான். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில், எந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டமோ அதுதான் நல்ல பள்ளி என்று முடிவுகட்டினான். நம் ஆட்கள் பள்ளிக்கூடம் தேடுகிற லட்சணம் இதுதான்.

மனைவி அஸீலாவையும் அவன் கேட்காமல் இல்லை. கேட்டான், பதிலைக் காதில் வாங்கவில்லை. தோஹாவில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துப் பிள்ளைகள் போகிற இந்தியப் பள்ளி போதும் என்றாள் அவள். அந்த வாசலில் நிற்கிற தாய்மார்கள் தமிழும் மலையாளமும் பேசுவார்கள். தானும் அவர்களோடு நின்று நாலு வார்த்தை பேசலாம், பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று டீச்சரிடமும் கேட்கலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். ரசீத்துக்கோ பிரிட்டிஷ் பாடம் நடத்துகிற சர்வதேசப் பள்ளிதான் வேண்டியிருந்தது.

அந்தப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. பிள்ளையையும் தாயையும் ஒன்றாக உட்கார வைத்துக் கணினி வழியாகப் பேசிப் பார்ப்பார்களாம். தாய் கட்டாயம் இருக்க வேண்டுமாம். அஸீலா தமிழ் வழியில் படித்தவள். தோஹா கடைகளில் சமாளிக்கிற அளவுக்குத்தான் அவளுக்கு இங்கிலீஷ்.

“சபீதா லாத்தா உக்காரட்டும்,” என்றான்.

சபீதா அவனுடைய அக்கா, நஃபீஸத்துக்கு மாமி. மேலப்பாளையத்தில் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். “இது நல்லாவாலே இருக்கு?” என்று அவளே தயங்கினாள். “ஸ்கூலுக்கு அனுப்புன பாஸ்போர்ட்டுல அஸீலா படம் போயிருக்கும்லா?”

“முக்காடு போட்டா எல்லா மொகமும் ஒண்ணுதான். யாரு உத்துப் பாக்கப் போறா?”

அஸீலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாத்தனாரைப் பார்த்து, “மைனியே இருக்கட்டும்,” என்றாள். உள்ளதைச் சொன்னால், அந்தக் கேமரா முன்னால் உட்கார வேண்டாம் என்றதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. நிம்மதிப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பேச வேண்டிய நாள் காலையில் ரசீத் பக்கத்துப் பட்டறைக்குப் போய், இரைச்சல் போடுகிற லேத்து மெஷினை நிறுத்தி வைக்கும்படி சுடலைமாடன் அண்ணாச்சியிடம் கெஞ்சினான். “படிப்பு விசயம். நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்,” என்று அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மடிக்கணினி மேசைக்கு ஏறியது. சபீதா நடுவில், பக்கத்தில் நஃபீஸத். கேமராவுக்குப் பின்னால், சுவரோரம் அஸீலா. பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்டால் சைகையில் சொல்லிக் கொடுப்பது அவள் பொறுப்பு.

திரையில் வந்த மிஸ் நல்ல பெண்மணி, சிரித்த முகம். சபீதாவின் இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. வாசிப்பு, விளையாட்டு என்று எதைக் கேட்டாலும் வெளுத்து வாங்கினாள். அப்புறம் மிஸ், “உங்கள் மகளுக்கு எதைக் கண்டால் பயம்?” என்று கேட்டார்.

சபீதாவுக்குத் தெரியவில்லை. அவள் கண் அஸீலாவைத் தேடியது. நஃபீஸத்துக்கு மிக்ஸி ஓடினால் ஆகாது. தேங்காய் அரைக்கிற சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். அஸீலா விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். சபீதா மேலே பார்த்தாள். “ஃபேன் என்றால் இவளுக்கு ரொம்பப் பயம்,” என்றாள்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிற சுற்றில் பிள்ளையின் முடி பறந்துகொண்டிருந்தது. மிஸ் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ரசீத்துக்கு வேர்த்துவிட்டது.

நஃபீஸத் அசரவே இல்லை. சபீதாவின் தோளில் சாய்ந்துகொண்டு, சுத்தமான இங்கிலீஷில் சொன்னாள்: “ஆமாம் மிஸ், முன்னால் பயப்படுவேன். மம்மி பக்கத்தில் இருந்தால் பயமில்லை.”

மிஸ் உருகிப்போனார். பிள்ளை கெட்டிக்காரி, இடம் கொடுக்கச் சொல்லித் தானே எழுதப் போவதாகச் சொன்னார். வேறு ஏதும் கேட்க வேண்டுமென்றால் மதியம் வரை இதே இணைப்பில் வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ரசீத் மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அஸீலா சுவரோரமே நின்றாள். மகள் இவ்வளவு சுளுவாகப் பொய் சொல்லுவாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. எட்டு வயது நிறையாத பிள்ளை, பெற்றவளைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு மாமியை மம்மி என்கிறாள். நாக்கு ஒரு இடத்திலும் இடறவில்லை.

நஃபீஸத் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மா, ஸ்கூல் தொறந்ததும் நீ கேட்டுக்கு வராத, என்ன? மிஸ் கண்டுபிடிச்சிருவாங்க.”

“அப்ப உன்னய யாரு கூட்டிட்டு வருவா?” என்றாள் அஸீலா.

பிள்ளை நன்றாக யோசித்து, உம்மாவுக்கு உதவுகிற மாதிரியே சொன்னது: “சரி, நீயே வா. யாரும் கேட்டா எங்க வீட்டுல வேல பாக்குத ஆன்ட்டின்னு சொல்லிருதேன்.”

சபீதா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ரசீத், “சின்னப்பிள்ள ஏதோ சொல்லுது…” என்று இழுத்தான்.

“அந்த மிஸ்ஸத் திருப்பிக் கூப்பிடுங்க,” என்றாள் அஸீலா.

“சீட்டு போயிரும், அஸீலா.”

“போவட்டும். எம்பிள்ள போயிறக் கூடாது.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. சபீதா எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். ரசீத் குனிந்து இணைப்பைப் போட்டான்.

மிஸ் முகம் வந்தது. பட்டறைக்காரர்கள் டீக்கடையிலிருந்து திரும்பிவிட்டார்கள் போல, லேத்துச் சத்தம் வேறு வீட்டுக்குள் வந்து நிறைந்தது. அஸீலா சத்தத்தை மீறி, தெரிந்த வார்த்தைகளைக் கோத்துச் சொன்னாள். முன்னால் பேசியது பிள்ளையின் மாமி. தாய் நான். என் இங்கிலீஷ் குறைவு, அதனால் பயந்தோம். செய்தது தப்பு.

மிஸ்ஸின் சிரிப்பு போய்விட்டது. பிறகு பிள்ளையைப் பார்த்து, மெதுவாக, “நஃபீஸத், உன் பக்கத்தில் இருப்பது யார்?” என்றார்.

நஃபீஸத் அஸீலாவைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற மாமியைப் பார்த்தாள். கடைசியில் ரசீத் பக்கம் திரும்பி, “வாப்பா, இப்ப எதச் சொல்லணும்?” என்று கேட்டாள்.

ரசீத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உள்ளதச் சொல்லும்மா,” என்றான்.