மழை செய்த வேலை

மழை தராத சோளகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கீரி ஊரின் மத்தியானம் நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ கிடக்கும். மணல் தன்பாட்டில் நகரும். கழுதைகள் வேலியோரம் நின்றபடியே உறங்கும். சனிக்கிழமைகளில் அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் ஆறு பேர் மண்வெட்டியோடு புறப்படுவோம். சம்பளம் கிடையாது. தோட்டம் போட ஆசைப்படுகிறவர்களின் வளவுக்குப் போய்ப் பாத்தி கட்டிக் காட்டுவோம். எட்டாம் வகுப்போடு நின்ற என்னை ஊரே 'அன்ரோனெற் ரீச்சர்' என்று கூப்பிடுவது அதனால்தான். அந்தப் பட்டம் எனக்குத் தலைக்கேறியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

என் பாடம் ஒன்றே ஒன்று. கடல் ஒதுக்கும் சாதாளைப் பாசியை அள்ளி மண்ணில் போட்டால் மணலும் விளையும். என் வளவில் இருபது வருடமாகக் கத்தரி அப்படித்தான் காய்க்கிறது.

ஜெயகௌரிக்கும் அதையே சொன்னேன். மூன்று வயதில் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய், போன வருடம்தான் திரும்பியவள். முகாம் வாசலில் அவள் அம்மா படரவிட்ட அவரையிலிருந்து ஆறு விதையை எடுத்துக் காட்டினாள்.

"இது பிடிச்சா இங்கயே இருந்திடுவன் அக்கா. இல்லாட்டி இந்த மண்ணுக்கு எங்களை வேண்டாம் எண்டுதான் அர்த்தம்," என்றாள். திரும்பிப் போவோம் என்று புருஷன் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தான்.

ஆறும் முளைத்தன. அன்று பகல் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு கண்டேன். அவரைக்கொடி கூரை ஏறி, பனை ஏறி, ஊதாப் பூக்களோடு கடலுக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அதன் நிழலில் ஜெயகௌரி கால் நனையாமல் நடந்து வந்தாள். எழும்பிய பிறகும் வெகுநேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து எல்லாரும் போய்ப் பார்த்தபோது ஆறும் கருகி வெறும் குச்சியாக நின்றன.

"ஒழுங்காத் தண்ணி ஊத்தினனியே?" என்று அவள்மேலேயே பாய்ந்தேன்.

"ரெண்டு நேரமும் ஊத்தினனான் அக்கா. என்ர கைராசி அப்பிடி."

பாத்தியில் கிடந்த சாதாளையைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். வாயெல்லாம் உப்பு.

அப்போதுதான் புரிந்தது. என் வளவில் சாதாளை போடுவது ஐப்பசியில். மாரி முழுக்க அது மழையில் ஊறும். உப்பைக் கழுவியது மழை, பெயர் வாங்கியது நான். இவளுக்கோ துளி மழையில்லாத ஆடியில் அப்படியே அள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். கடற்கரையில் பிறந்த எனக்கே உப்பின் நினைவு வரவில்லை என்றால் வெட்கத்தை யாரிடம் சொல்ல?

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழியை அவளே எடுத்துக்கொண்டாள், என் பட்டமும் தப்பியிருக்கும். ஆனால் அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்த பார்வையில் பெட்டி கட்டுகிற யோசனை தெரிந்தது.

"பிள்ளை, பிழை மண்ணிலயும் இல்லை, உன்ர கையிலயும் இல்லை," என்றேன், எல்லாருக்கும் கேட்க. "சாதாளையைக் கழுவாமப் போடச் சொன்னது நான். உப்புத்தான் கன்றுகளைக் கொன்றது. என்னை மன்னிச்சுக்கொள்."

எங்களோடு வந்த அமிர்தநாயகம் அண்ணன் சிரித்துவிட்டார். "மீன்பிடிக்கிற ஊரில உப்பை மறந்த ஒரே ரீச்சர் நீதான்!" சிரித்தபடியே நல்ல தண்ணீர் எடுக்க வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். மாலைவரை பழைய மண்ணை அள்ளி எறிந்தோம், புதுமண் நிரப்பினோம், வாளி வாளியாக ஊற்றினோம். ஆனால் ஊன்ற விதை ஏது?

ஜெயகௌரி சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு அவரை விதைகள்.

"எட்டுக் கொண்டந்தனான். திரும்பிப் போறதெண்டால் கொண்டுபோகவெண்டு ரெண்டை ஒளிச்சு வைச்சனான்."

மண்டியிட்டு இரண்டையும் ஊன்றி மண்ணை மூடினாள். அதுவரை என்னை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவள், வெறும் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப எவ்வளவு தண்ணி ஊத்த வேணும், ரீச்சர்?"