நான்காவது எண்

பூட்டுக்கடைக்காரன் வீட்டுச் சாவி பழைய ஷூவுக்குள் இருந்து பிடிபட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? விடுமுறை வந்தால் ஆளாளுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திருட்டும் கூடவே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் எங்கள் தெருவுக்குப் பொறுப்பான பெண் காவலர் ஒரு காரியம் செய்தார். வாசல் வாசலாகப் போய் செருப்பு, பூந்தொட்டி, மீட்டர் பெட்டி என்று துழாவி, கிடைத்த சாவியை எடுத்துக்கொண்டு, ‘நான் திருடனாக இருந்திருந்தால்?’ என்று அச்சடித்த சீட்டை அங்கே வைத்துவிட்டு வந்தார். மொத்தம் பதினொரு சாவி. அதில் ஒன்றை நேராக என் கடைக்கே கொண்டுவந்து மேசையில் போட்டார்.

“அண்ணே, வர்றவங்க கிட்டல்லாம் ஷூவுக்குள்ள சாவி வைக்காதீங்கன்னு என் நோட்டீஸக் குடுக்குறது நீங்கதானே?”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அது என் மகனுடைய ஷூ. படிப்பைப் பாதியில் விட்டதற்காக, இரண்டு வருடத்துக்கு முன், அக்கம்பக்கமெல்லாம் கேட்க, “இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத” என்று கத்தினேன். தன் சாவியை எறிந்துவிட்டுப் போனவன் மிதிக்கவே இல்லை. என் பிடிவாதம் அப்படியே அவனுக்கு. வேறு யாரிடமிருந்து வரும்? யாரிடமும் கேட்காமல், யார் முகத்திலும் விழிக்காமல் உள்ளே வரட்டும் என்று அவன் அம்மா அந்தச் சாவியை ஷூவுக்குள் வைத்தாள். நான் தினமும் பார்த்தேன். பார்க்காதவன் போல இருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனால், வேலையிலிருந்து வந்தவள் தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கின்னு பாத்து அவன் வந்திருந்தா? திருடன்னு எழுதி வெச்சது அப்பாதான்னு நெனச்சிருக்க மாட்டானா?”

சுருக்கென்றது. மறுநாள் கடையிலிருந்து ஒரு எண் பூட்டை எடுத்துவந்து வாசலில் மாட்டினேன்.

“அவனுக்கு எப்படிங்க நம்பர் தெரியும்?”

“அவன் சைக்கிள் பூட்டு நம்பர்தான். நாலு, பூஜ்யம், ஏழு, ரெண்டு.”

“அடேங்கப்பா! அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க?”

“பூட்டு விக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?” என்றேன் வீம்பாக.

ஒரு தாளில் ‘உன் சைக்கிள்’ என்று மட்டும் எழுதி ஷூவுக்குள் வைத்தாள். காவலரிடம் சொன்னபோது, “எந்தத் திருடன் படிச்சாலும் மண்டைய உடைச்சிக்க வேண்டியதுதான்” என்று சிரித்தார்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் நான்தான் முதலில் வீடு திரும்பினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. காலையில் பூட்டியதும் நான்கு எண் சக்கரங்களையும் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன். இப்போது நான்கு, பூஜ்யம், ஏழு, மூன்று என்று நின்றது. ஷூவுக்குள் தாள் இல்லை.

அவள் வரும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். வந்தவள் பூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“தப்பா ஞாபகம் வெச்சிருந்தது அவனா, நீங்களா?”

எத்தனை ஆயிரம் பூட்டு விற்றிருக்கிறேன், நானாவது தப்பு செய்வதாவது என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்டைத் திறந்து, பழைய எண்ணை அழித்து, நான்கு, பூஜ்யம், ஏழு, மூன்று என்று புதிதாக வைத்தேன்.

அவள் ஷூவைத் துடைத்து, வாசலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.